கல்லாகிப் போன பிரேக்

எங்கள் நைனாவுக்குத் தெரியாத கோயில் கிடையாது. ஆனால் எந்தக் கோயிலுக்குள்ளும் அவர் முழுசாகப் போய் வந்ததாக எனக்கு நினைவில்லை. நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். சின்ன காஞ்சிபுரத்தில் வாடகை வண்டி வைத்துத் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். சாமி பார்க்க வருகிறவர்கள், கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு சாயங்கால ரயிலைப் பிடிக்கப் பறக்கிறவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சுற்றுவார். அவர்கள் உள்ளே போய் அர்ச்சனை செய்து பிரகாரம் சுற்றி வரும் வரைக்கும் இவர் வெளியே நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வரக்கூடாதா என்று கேட்டால், "கோபுரத்துக்கு நேராத்தாம்மா பார்க்கிங் குடுக்கறான், இங்கேர்ந்தே கும்பிட்டுக்கினேன்" என்பார்.

வண்டி பத்துப் பேர் உட்காரும் டீசல் வண்டி. வெள்ளை நிறம். ஜீப்பைப் பிடித்து இழுத்து நீட்டி, மேலே கேரியர் வைத்தது மாதிரி இருக்கும். கதவைத் திறந்தால் டீசலும் துளசியும் புளியோதரையும் புதுப் புடவைப் பெட்டியின் அட்டை வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். இப்போது எத்தனையோ ஏசி கார்களில் ஏறி இறங்குகிறேன். எல்லாவற்றிலும் ஒரே எலுமிச்சை சென்ட். அந்தப் பழைய வாசனைக்கு நான் ஏங்குகிறேன் என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நைனாவுக்கு வேகமாக ஓட்டுவதில் பெருமை கிடையாது. அவருடைய கர்வமெல்லாம் நிறுத்துவதில்தான். "ஓட்றதுக்கு யாரு வேணா ஓட்டுவான். நிறுத்தத் தெரியணும்" என்று வருகிற போகிற டிரைவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அதில் பொய்யும் இல்லை. பின்சீட்டில் குழந்தை தூங்கினால் அது விழித்துக்கொள்ளாதபடி வண்டியை நிறுத்துவார். திருப்புட்குழிக்குப் பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண்களைக் கூட்டிக்கொண்டு போவார். வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி படுப்பார்கள். காலையில் அது முளைத்திருந்தால் தாயார் கண் திறந்துவிட்டாள் என்று அர்த்தம். மறுநாள் அவர்களைத் திரும்பக் கூட்டி வரும்போது நைனா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். வண்டியில் ஏறுகிற விதத்திலேயே முளைத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பார். முளைக்காதவர்களைக் கூட்டி வருகிற நாளில் மேடு பள்ளம் பார்த்து இன்னும் பொறுமையாக ஓட்டுவார். மூஞ்சியைப் பார்த்தே மனுஷனைப் படித்துவிடுவேன் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அறுபதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. காலில் எரிச்சல், மரமரப்பு. செருப்புக் கழன்றது தெரியாமல் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து காலைப் பார்த்துப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பிரேக் விஷயம் தொடங்கியது. தொடங்கியது என்று இப்போது சொல்கிறேன், அப்போது யாருக்குத் தெரியும்? நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன். சாயங்காலம் அம்மாவைப் பார்க்கப் போனால் நைனா ஈஸிசேரில் உட்கார்ந்து வலது காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருப்பார். என்ன நைனா என்றால், "காலைல நல்லாத்தாம்மா இருக்குது. டிராபிக்ல நாலு வாட்டி பிரேக்கு மிதிச்சா கால் சோர்ந்து பூடுது. மிதிச்சா எறங்க மாட்டேங்குது" என்றார். கால் சோர்ந்துவிடுகிறது என்று அவரே சொன்னதால் நாங்களும் காலைத்தான் பார்த்தோம். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். நான் மருந்துக்கடையில் மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடுத்தேன். வண்டியின் பானெட்டைத் திறந்து பார்க்க எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் ஹைவேயில் அது நடந்தது. ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருப்புட்குழியிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். சிக்னல் விழுந்தது. நைனா பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. எழுந்து நின்று மிதித்த பிறகு, கோட்டைத் தாண்டி, சந்திப்பின் நட்டநடுவில் போய் நின்றது. பக்கவாட்டில் வந்த லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் கீறல் கூட இல்லை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் கத்திய கத்தலில் ஊரே திரும்பிப் பார்த்ததாம். பின்சீட்டிலிருந்து ஒருவர், "பெரியவரே, முடியலன்னா வூட்ல ஒக்காரக் கூடாதா?" என்று கேட்டாராம். நைனாவை அதுவரை யாரும் பெரியவரே என்று கூப்பிட்டதில்லை. டிரைவர் அண்ணே என்பார்கள், டிரைவர் சார் என்பார்கள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு நேராக மெக்கானிக்குக்கு போன் போட்டார். நானும் அம்மாவும் அங்கேதான் இருந்தோம். அம்மா பக்கத்து வீட்டுத் தறிக்காக ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நைனா வீட்டில் எப்போதும் ஒரு ராட்டை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பழைய மெக்கானிக் ஷெட்டை மூடிவிட்டுப் போன பிறகு நைனாவுக்கு வாய்த்தவர் புது ஆள். பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை கற்றவர். போனில் மெஷின் அரைக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

"மிதிச்சா கல்லு மாதிரி இருக்குதுபா" என்றார் நைனா. "ஆங்… ஆமா, மொத மிதி எறங்குது, அப்பால இல்ல… இன்னா? இன்னா போயிடுச்சு?… ஆங்… ஓ. சரி. சரிப்பா. ஓட்டல."

போனை வைத்தார். பிறகு ஏதோ பிறத்தியார் சமாசாரம் மாதிரிச் சொன்னார்: "வேகம் போயிடுச்சாம். வயசாயிடுச்சு இல்ல, இத்தினி நாள் ஓடுனதே பெருசுன்றான். இனிமே ஓட்டாதீங்க, ரிஸ்க்குன்னு சொல்றான்."

"யாருக்கு வயசாயிடுச்சாம்?" என்றாள் அம்மா.

"வேற யாருக்கு?"

அம்மா ராட்டையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பிறகு, "சரி, வுடுங்க. ஓட்டினது போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

எனக்கு மெக்கானிக் மேல் பற்றிக்கொண்டு வந்தது. பிரேக்கைப் பற்றிக் கேட்டால் பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மனுஷனுக்கு வயசாகிவிட்டதா என்று தீர்ப்புச் சொல்ல இவர் யார்? போன் போட்டுத் திட்டட்டுமா என்று கேட்டேன். நைனா கையை ஆட்டி வேண்டாமென்றார். "அந்த ஆளு தப்பா சொல்லலியே. என் காலு எனக்குத் தெரியாதா?" என்றார். சாவியைக் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் மாட்டினார். அவ்வளவுதான். வாழ்நாள் பூராவும் செய்த வேலை ஒரு போனில் முடிந்துபோனது.

வண்டியை விட்டால் ஓய்வாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் ஓய்வாக இல்லை, கிழவரானார். வேகம் போய்விட்டது என்று ஒருவர் சொன்ன வார்த்தையை அவர் உடம்பு முழுக்க ஏற்றுக்கொண்டது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுவதை நிறுத்தினார். தெருவைக் கடக்க வேண்டுமென்றால் யாராவது வரட்டும் என்று ஓரத்தில் நிற்பார். பேசும்போது கூட நடுவில் நிறுத்தி யோசித்துப் பேசினார். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். எதைக் கேட்டாலும், "எனக்கு இன்னாமா தெரியும், வேகம் போன ஆளு" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில் இருந்த நேரத்துக்கு அம்மாவை ஒரு வழி பண்ணினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபேனை ஏன் போட்டாய், சாம்பாரில் ஏன் இவ்வளவு பெருங்காயம், பால்காரன் தண்ணி கலக்கிறான் கவனித்தாயா என்று ஓயாத நச்சு. அம்மா எல்லாவற்றுக்கும் உம் கொட்டுவாள். ஒன்றுக்கும் அசைய மாட்டாள். மூன்று மணிக்கு இரண்டு டம்ளர் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். அதற்கு முன்னால், எனக்கு நினைவு தெரிந்து, அவர்கள் இருவரும் அந்த நேரத்தில் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வண்டி வீட்டுக்கு எதிரே பாதாம் மரத்தடியில் நின்றது. விற்றுவிடலாம் என்று நான் சொன்னால் இருவருமே பேச்சை மாற்றுவார்கள். வாரத்தில் ஒருநாள் நைனா போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். பேட்டரி இறங்கக் கூடாதாம். ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். பிறகு அணைத்துவிட்டு, பாதாம் இலைகளைத் தட்டிவிட்டு, உள்ளே வந்துவிடுவார். ஓரடி நகர்த்த மாட்டார்.

வைகாசி வந்தது. கருட சேவைக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒரு சைக்கிள் கூட நிற்கக் கூடாது. சாமி வருகிற வழி, கூட்டம் தாங்காது. போலீஸ்காரர்கள் மைக்கில் சொல்லிக்கொண்டே போனார்கள். எல்லோரும் வண்டியை எடுத்துவிட்டார்கள், எங்கள் வெள்ளை யானை மட்டும் பாதாம் மரத்தடியில். நைனா சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீ எடுத்துக்கினு போயி ஸ்கூல் கிரவுண்டுல போட்டுட்டு வாம்மா."

எனக்கு லைசென்ஸ் உண்டு. சின்ன பெட்ரோல் கார் ஓட்டுவேன். அந்தத் தடியனை ஓட்டியதில்லை. இருந்தாலும் வீம்பு யாரை விட்டது? ஏறி உட்கார்ந்தேன். கிளம்பும்போது சரியாகத்தான் இருந்தது. தெருமுனையில் ஒரு நாய்க்காகப் பிரேக் போட்டேன், நின்றது. இன்னும் கொஞ்ச தூரத்தில் பூக்கூடைக்காரிக்காகப் போட்டேன், என்னவோ கெட்டியாக இருந்தது. திருப்பத்தில் ரோட்டோரமாக நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள், மறுநாள் கூட்டத்துக்காக. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் பிரேக் இல்லை, கருங்கல் இருந்தது. மிதிக்கிறேன், இறங்கவில்லை. இரண்டு காலையும் வைத்து, முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, கத்திக்கொண்டே மிதித்தேன். பந்தல் மூங்கிலில் பம்பர் இடித்து நின்றது. உள்ளே அடுக்கியிருந்த பானைகளில் மேல்பானை ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பிழைத்துக்கொண்டது.

பந்தல் போட்டவர்கள் திட்டினார்கள். நியாயமான திட்டு. ஆனால் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வலித்த காலைப் பிடித்து விட்டுக்கொண்டபோது ஒரு யோசனை முளைத்தது. எனக்குச் சர்க்கரை கிடையாது. எனக்கு மரமரப்பு கிடையாது. தினமும் மூன்று மாடி ஏறி இறங்குகிற கால் இது. என் காலாலும் இறங்காத பிரேக்குக்கு நைனாவின் கால் எப்படிப் பொறுப்பாகும்?

அங்கேயே நின்று மெக்கானிக்குக்கு போன் போட்டேன். ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயசு இருக்கும். தலையில் கூலிங்கிளாஸ், காதில் ப்ளூடூத், அதில் யாருடனோ பேச்சு. சக்கரத்துக்கு முட்டுக்கல் வைக்கச் சொன்னார். வண்டியை அணைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து பிரேக்கை நாலைந்து முறை மிதித்தார். கெட்டியானதும் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் செய்தார். "பாருங்கக்கா, இப்ப என் காலுக்கு அடியில பிரேக்கு தானா கொஞ்சம் உள்ள எறங்கணும். எறங்கல. அப்டின்னா ஒதவி வரல" என்றார். முதலில் ரப்பர் டியூப்தான் பிரச்சினை என்று கோயிலில் சத்தியம் செய்கிறவர் மாதிரி அடித்துச் சொன்னார். கழற்றி வளைத்துப் பார்த்தால் டியூபில் ஒரு வெடிப்பு கூட இல்லை. பிறகு வால்வு என்றார். வாயில் வைத்து ஊதினார், உறிஞ்சினார். காற்று ஒரு பக்கம் போனது, மறுபக்கம் போகவில்லை; அப்படித்தான் இருக்க வேண்டுமாம். அதுவும் ஒழுங்காகத்தான் இருந்தது. பந்தல்காரர்கள் திட்டுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஒருவர் மோர் கொடுத்தார். மெக்கானிக் அதைக் குடித்துவிட்டு இன்ஜின் ஓடும்போதே குனிந்து டைனமோவின் பின்பக்கத்தில் ஒரு குழாயைக் கழற்றி, அந்த வாயில் கட்டைவிரலை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார்.

"இழுக்குதா?"

"இல்லியே. சும்மா தொடற மாதிரி இருக்குது."

"வெரல புடிச்சி இழுக்கணும்க்கா. பம்ப்பு பூடுச்சு." நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு குறைபட்டுக்கொள்கிற குரலில் சொன்னார்: "நான் அப்பவே நைனாகிட்ட சொன்னேனே. வேக்கம் போயிடுச்சு, வண்டிய ஓட்டாதீங்கன்னு. அப்பால ஆளையே காணோம். வேற ஷெட்டுக்குப் போயிட்டாருன்னு எனக்கு வருத்தம்தான்."

"இன்னா போயிடுச்சுன்னு சொன்னீங்க?"

"வேக்கம்க்கா. தோ, இதான் வேக்கம் பம்ப்பு. இது காத்தை உறிஞ்சி எடுத்தாத்தான் பிரேக்கு மிதிக்க ஒதவற பூஸ்டரு வேலை செய்யும். இல்லன்னா பிரேக்கு கல்லுதான்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"வேக்கம்" என்றார், நான் ஏதோ தேர்வு வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

"வேற இன்னா சொன்னீங்க அன்னிக்கு?"

"வேற இன்னா? வயசாயிடுச்சு இல்ல, இத்தினி நாள் ஓடுனதே பெருசுன்னேன்."

"யாருக்கு வயசாயிடுச்சு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பம்ப்புக்குத்தான்க்கா. வேற யாருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது எனக்கே தெரியவில்லை. மோர் கொடுத்தவர் பயந்துபோய் இன்னொரு டம்ளர் நீட்டினார். நைனாவின் பழைய மெக்கானிக்காக இருந்திருந்தால் பூஸ்டர் என்று சொல்லியிருப்பார். அது நைனாவுக்குப் பழகிய சொல். இவர் சர்வீஸ் சென்டரில் கற்ற வேக்யூம் என்ற இங்கிலீஷ் சொல்லை வேக்கம் என்று சொல்லியிருக்கிறார். மெஷின் சத்தத்தில் நடுவிலிருந்த ஒரு க் மட்டும் விழுந்துவிட்டது. காற்றை உறிஞ்சும் பம்ப்புக்குச் சொன்னதை, காலைப் பற்றி ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த ஒரு மனுஷன் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். யாரைக் கோபித்துக்கொள்வது? ஒரு மெய்யெழுத்தையா?

நைனாவிடம் உடனே சொல்லவில்லை. வண்டி சரியான பிறகு, அவர் காலாலேயே அதை அறியட்டும் என்று எனக்கு ஆசை. மெக்கானிக்கிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். வண்டியை ஊர்ந்தபடியே ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். விடிகாலையில் கருட சேவை பார்த்தோம். நைனா முனையில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கும்பிட்டார், கூட்டம் கண்டு பயந்து முன்னால் வரவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

திருவிழாக் கூட்டம் வடிந்ததும் மெக்கானிக் பம்பைக் கழற்றினார். நான் ஷெட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பிரித்தால் உள்ளே சுழல வேண்டிய தகடுகள் தேய்ந்து, இரண்டு உடைந்து, பிசின் மாதிரி கறுத்த ஆயிலில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பம்புக்கு ஆயில் வருகிற சின்னக் குழாய் அடைத்திருந்ததாம். அதைக் கழுவாமல் புதுப் பம்ப் போட்டால் அதுவும் போய்விடும் என்று ஊதி ஊதிச் சுத்தம் செய்தார். புதுப் பம்ப் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் என்னைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். வெடுக்கென்று பிடித்து இழுத்தது. பால் குடிக்கிற கன்றுக்குட்டி வாயில் விரல் கொடுத்த மாதிரி. கையை எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி ஹாரன் அடித்தேன். நைனா வெளியே வந்தார். பின்னால் அம்மா.

"நைனா, மெக்கானிக் சொன்னது வேகம் இல்ல. வேக்கம்."

"இன்னாது?"

"வேக்கம். வேக்கம் பம்ப்பு. பூஸ்டருக்குக் காத்து உறிஞ்சற பம்ப்பு. அதான் போயிடுச்சு. அதுக்குத்தான் வயசாயிடுச்சுன்னு சொல்லியிருக்காரு. உங்களுக்கு இல்ல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மெதுவாக வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் செய்து காட்டியதை நான் சொல்லச் சொல்லச் செய்தார். அணைத்துவிட்டு மிதித்தார், கெட்டியாகும் வரை மிதித்தார், காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எறங்குது" என்றார்.

அணைத்துவிட்டு மறுபடி செய்தார். "எறங்குது பாரு." மறுபடி. எத்தனை முறை செய்தார் என்று நான் எண்ணவில்லை. தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். அந்தக் கால் மேல் அவருக்கு இருந்த கோபம் எவ்வளவு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போயி ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க நைனா" என்றேன்.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். சாவியை என்னிடம் நீட்டினார். "வேணாம்மா. வித்துடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா நைனா இது? உங்க காலு நல்லாத்தான் இருக்குது. இப்பதானே பாத்தீங்க?"

"அந்த ஆளு சொன்னதுக்கு மட்டுமா நான் வுட்டேன்?" என்றார். அம்மாவின் பக்கம் திரும்பாமல், குரலைத் தாழ்த்தி, என்னிடம் மட்டும் சொல்கிற மாதிரி. "நான் போனை வெச்சிட்டு சொன்னேன் பாரு, அப்ப உங்கம்மா மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துது. நான் பாத்தேன். இத்தினி வருசமா நான் ரோட்டுக்குப் போவறப்பல்லாம் உயிரைக் கையில புடிச்சிக்கினு இருந்திருக்கா. எனக்குத் தெரியவே இல்ல. அதுக்கப்புறம் எப்டிம்மா ஓட்டறது?"

அம்மாவின் காதில் விழாமல் இருக்க அது என்ன பெரிய தெருவா? வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்தாள்.

"ஆமா, நிம்மதியாத்தான் இருந்துது" என்றாள். "பயத்துலயா? உங்க வண்டியில ஏறினா தூங்கற கொழந்தை முழிக்காதுன்னு ஊரே சொல்லுது. எனக்கு இன்னா பயம்?"

நைனா அவளைப் பார்த்தார்.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாம் உங்க பக்கத்துல ஒக்காந்துக்கினு எங்கெங்கயோ போனாங்க. நான் கதவைத் தெறந்து வெச்சிக்கினு சத்தம் கேக்குதா சத்தம் கேக்குதான்னு காத்துக்கினு இருந்தேன். சாப்பாடு எடுத்து வெச்சா ஆறிப் போவும். இனிமேலாச்சும் வூட்ல இருப்பாரு, நம்ம கூட ரெண்டு வார்த்தை பேசுவாருன்னு நெனச்சேன். அதான் அந்த நிம்மதி." மூச்சு வாங்கியது அவளுக்கு. அவ்வளவு நீளமாக அம்மா பேசி நான் கேட்டதேயில்லை. "மூஞ்சியப் பாத்தா எல்லாம் தெரியும்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க. என் மூஞ்சிய மட்டும் தப்பா படிச்சிட்டீங்க."

நைனா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், "அப்ப ஓட்டட்டா, வேணாமா?" என்று கேட்டார்.

அம்மா சட்டென்று உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணம், காதுகுத்து என்றால் பின்சீட்டில் பாத்திர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போயிருக்கிறாளே தவிர, முன்சீட்டில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. அது எப்போதும் சவாரிக்கு வருகிற பார்ட்டியில் பெரியவருக்கு உரிய இடம். கதவு எப்படித் திறக்கும் என்று தெரியாமல் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். நைனா சுற்றி வந்து திறந்துவிட்டார். ஏறுவதற்குக் கை கொடுத்தார். பிறகு தன் பக்கம் போய் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, சவாரி ஏறியவரிடம் கேட்பது போலவே கேட்டார்.

"எங்கம்மா போவணும்?"

"எங்கயாச்சும்" என்றாள் அம்மா. "மெதுவாப் போங்க. சீக்கிரம் திரும்ப வேணாம்."

பத்துப் பேர் உட்காரும் வண்டி. என்னை யாரும் கூப்பிடவில்லை.